குட்டியின் பங்கு

— கையை மேஜை மேல வைக்காத புள்ள. எங்கயும் வைக்காத. அந்த ஸ்டூல்ல உட்காரு, கையை மடியிலயே வச்சுக்க.

— வச்சுக்கிட்டேன் யக்கா. நான் யாருன்னு சொன்னேனே, காதுல விழுந்துச்சா?

— விழுந்துச்சு. மாளவ்வா. பீரப்பன் பொண்டாட்டி. முதல் பொண்டாட்டி ஹொன்னவ்வாவப் பாக்க மூணு மணி நேரம் பஸ்ஸுல வந்திருக்க. அதுவும் ரொட்டி கட்டிக்கிட்டு. சக்களத்திக்கு ரொட்டி கட்டிக்கிட்டு வந்தவள நான் இப்பத்தான் பாக்கறேன்.

— சோள ரொட்டிதான் யக்கா. வேர்க்கடலைப் பொடி தனியா கட்டியிருக்கேன். எண்ணெய் ஊத்திக் குழைச்சுக்கலாம்.

— இது ஆஸ்பத்திரி லேபு. இங்க வாயில ஒண்ணும் போடக்கூடாது. அந்தப் பக்கம் வை. வச்சுட்டு கதவைச் சாத்து.

— வேண்டாம் யக்கா, திறந்தே கிடக்கட்டும். ஸ்பிரிட் வாசனைல மூச்சு முட்டுது எனக்கு.

— எத்தனை மாசம்?

— சிவனே! இவ்வளவு இழுத்துப் போத்திக்கிட்டு வந்திருக்கேன், எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

— பிரசவ தியேட்டருக்கும் இந்த லேபுக்கும் நடுவுல எட்டு வருஷமா நடக்கறவ நான். நீ ஸ்டூல்ல உட்கார்ந்த தினுசே சொல்லுது. அஞ்சா?

— அஞ்சு முடியப் போகுது.

— நல்லது. வாழ்த்து வாங்கவா வந்த? வாழ்த்தியாச்சு. கிளம்பு, மேடம் ஆப்பரேஷன் முடிச்சு வர்ற நேரம். வெளியாள இங்க விட்டா என்னைத்தான் திட்டுவாங்க.

— கோவமா பேசாதீங்க யக்கா. உங்களுக்குக் கோவம் வரும், வரணும். நான் கேக்க வேண்டியத கேட்டுட்டு எந்திரிச்சுப் போயிடறேன். ரெண்டு வருஷம் முன்னாடி எனக்கு ஒண்ணு போச்சு. ஆறாவது மாசம். நம்ம ஊர் நர்சம்மா சொன்னாங்க, ‘உனக்கு ஆனதேதான் ஹொன்னவ்வாவுக்கும் ஆச்சு, அவ இப்ப இன்ன ஆஸ்பத்திரில இதே வேலைலதான் இருக்கா’ன்னு. அதான் வந்தேன்.

— ம்.

— ரத்தம் படல. கீழ விழல. சாயங்காலமானா காய்ச்சல், இடுப்பு கழண்டு விழற மாதிரி வலி. ஒருநாள் உள்ள அசையறது நின்னு போச்சு. அப்புறம் வலி எடுத்துப் போட்டேன். பனிக்குடம் உடையவே இல்ல யக்கா. குடத்தோடயே வந்துச்சு, முழுசா, மூட்டை கட்டி வச்ச மாதிரி. நர்சு பாத்துட்டு, உள்ள கிருமி போயிருக்குன்னாங்க. உடையாத குடத்துக்குள்ள கிருமி எப்படிப் போகும்? எவ்வளவு யோசிச்சாலும் எனக்குப் புரியல. அதத்தான் உங்ககிட்ட கேக்க வந்தேன்.

— இரு. இந்தக் கோப்பைய எடுத்துச் சூட்டுப் பெட்டில வச்சுட்டு வர்றேன்.

— கண்ணு தொடைக்கறீங்களா?

— மாஸ்க் நனைஞ்சு போச்சு, மாத்தறேன். வீட்ல என்ன சொல்றாங்க உன்னை?

— சொல்ல வாய் வரல யக்கா.

— எனக்கு முகத்துக்கு நேராவே சொன்னாங்க. நீ சொல்லி எனக்குப் புதுசா வலிக்கவா போகுது? ‘ஊர் மேஞ்சவ’ன்னா?

— ஆமா. முதல்ல அந்தப் பேரு உங்களுக்கு மட்டும்தான் இருந்துச்சு. எனக்கும் அதே மாதிரி ஆனதும், ‘அவளோட தோஷம் கட்டில்ல ஒட்டியிருக்கு’ன்னு சொல்லி கட்டிலை எரிச்சுட்டாங்க.

— எந்தக் கட்டில்? என் அப்பன் வாங்கிக் குடுத்த தேக்குக் கட்டிலா?

— அதுதான்.

— அடப்பாவிங்களா! அதுக்காக அவரு ரெண்டு கிடா வித்தாரு. என்னை அத்து விட்டப்ப திருப்பிக் கேட்டோம், குடுக்கல. கடைசியில எரிச்சுட்டாங்களா?

— ரெண்டு நாள் எரிஞ்சுச்சு யக்கா. நல்ல மரம்.

— நீ இப்ப எங்க படுக்கற?

— தரையில. இந்தப் பிள்ளையும் போச்சுன்னா கட்டில் மேல பழி போட முடியாதில்ல? என் மேலதான் வரும். மூணாவது ஒருத்தியப் பாத்து வச்சிருக்காங்கன்னு எங்க அண்ணன் காதுக்கே வந்துடுச்சு. அம்மா வீடும் இல்ல எனக்கு. அதான் யக்கா, எனக்குத் தெரியணும். நான் என்ன தப்பு பண்ணினேன்?

— இங்க வா. கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நில்லு. அந்தச் சின்னக் கோப்பைங்க தெரியுதா, ஒண்ணு மேல ஒண்ணா?

— டீ டம்ளர் கவுத்த மாதிரி.

— ரெண்டுக்கும் நடுவுல ஒரு தோலு இழுத்துக் கட்டியிருக்கு பாரு. பனிக்குடத்துத் தோலு. தியேட்டர்ல வயித்தக் கிழிச்சுப் பிள்ளைய எடுப்பாங்க. நான் ஐஸ் டப்பாவ வச்சுக்கிட்டு கதவுக்கு வெளிய நிப்பேன். பிள்ளை அழுற சத்தம் கேக்கும். அப்புறம் கதவு திறக்கும். எல்லாரும் பிள்ளைய வாங்கிட்டுப் போவாங்க, நான் பிள்ளை இருந்த பையை வாங்கிட்டு வருவேன். நஞ்சுக்கொடி வீட்டுக்காரங்களுக்கு, புதைக்க. உள்ளங்கை அகலம் தோலு மட்டும் எனக்கு. அதுக்கும் அவங்ககிட்ட கையெழுத்து வாங்கணும்.

— எத்தனை பிள்ளைங்க அழுகை கேட்டிருப்பீங்க யக்கா!

— ஆயிரத்துக்கு மேல. ஒரு முகம் பாத்ததில்ல. அது கிடக்கட்டும். மேல் கோப்பை அம்மா பக்கம். கீழ் கோப்பை பிள்ளை பக்கம். மேல கிருமிய விடுவோம். தோலுல ஊசிமுனை ஓட்டைகூட இல்லன்னு சாயம் ஊத்திப் பாத்த பிறகுதான் விடுவோம். ஒரு ராத்திரி வச்சிருந்து, காலையில கீழ் கோப்பைத் தண்ணிய எடுத்துப் பாப்போம்.

— கீழ என்ன இருக்கும்? சத்தமா சொல்லுங்க யக்கா, இந்த மெஷின் இரைச்சல்ல ஒண்ணும் விளங்கல.

— சில நாள் ஒண்ணும் இருக்காது. சில நாள் கிருமி இருக்கும்! தோலு கிழியாது, அப்படியேதான் இருக்கும். ஆனா அது அந்தப் பக்கம் போயிருக்கும். போதுமா சத்தம்?

— கிழியாமலே?

— நம்ம கம்பளியப் போத்திக்கிட்டு மழையில நின்னிருக்கியா? கம்பளி கிழிஞ்சா தண்ணி உள்ள வருது? மொத ஒரு மணி நேரம் ஒரு சொட்டு இறங்காது. விடாம பேஞ்சா இறங்கிடும். தோலும் அப்படித்தான். சில கிருமி அதுல நசநசன்னு ஊறி, இழைய இளக்கி, சந்துல புகுந்து போகுது. சிலது தோலோட உசுருக்குள்ளயே நுழைஞ்சு அந்தப் பக்கம் எந்திரிக்குது. எது எப்படிப் போகுதுன்னு முழுசா மேடத்துக்கே தெரியாது. அதுக்குத்தான் இந்தக் கோப்பை எல்லாம்.

— சரி, மேல் கோப்பைக்கு அது எப்படி வந்துச்சு? வீட்ல கேக்கறதே அதத்தான யக்கா. கீழ இருந்துதான் ஏறியிருக்கணும், அப்ப எவன்கிட்ட போனேன்னு.

— கீழ இருந்துதான் வரணும்னு எவன் சொன்னான்? என் ரிப்போர்ட்டுல ‘கருப்பையில் கிருமித் தொற்று’ன்னு ஒரே வரி எழுதியிருந்துச்சு. ஊர்ல கம்பவுண்டர் அத வாசிச்சு, கண்ணடிச்சு, அர்த்தம் சொன்னான். அவ்வளவுதான், என் வாழ்க்கை முடிஞ்சுது. கீழ இருந்தும் வரும், ஒழுங்கா இருக்கற பொம்பளைக்கும் வரும். ரத்தத்து வழியாவும் வரும். வாயில போனது வயித்துக்குப் போய், ரத்தத்துல கலந்து, பிள்ளை ஒட்டியிருக்கற இடத்துல போய் உட்காரும். ஆமா, இந்த வருஷம் மந்தையில எத்தனை வீசுச்சு?

— ஆடா?

— ஆடுதான். குட்டி வீசுறது.

— ஏழு. ரெண்டு மாசமா ஒண்ணு மாத்தி ஒண்ணு. நாள் ஆகாத குட்டி, ரோமம்கூட முளைக்கல. நீங்க ஏன் அதக் கேக்கறீங்க?

— யாரு எடுத்துப் புதைக்கறது?

— நான்தான். குட்டி, நஞ்சுக்கொடி எல்லாத்தையும் வாரி, கருவேல மரத்தடியில. நாய் வாய் வச்சா மந்தைக்கே ஆகாதாமே.

— வெறும் கையால?

— பின்ன கரண்டியாலயா?

— சரி. குட்டி போன ஆட்டுக்கு மடியில பால் ஊறிக்கிட்டுத்தான இருக்கும். அது யாருக்கு? சொல்லு மாளி. அத அடுப்புல வைக்கறதில்ல, இல்லையா?

— வைக்கக்கூடாதே யக்கா. காய்ச்சினா ஆட்டுக்கு மடி வெந்து போயிடும். ஆம்பளைங்களுக்கும் தரக்கூடாது. வயித்துப் பிள்ளைக்காரிக்குத்தான். அந்தக் குட்டியோட பங்கு...

— இந்தப் பிள்ளைக்கு.

— உங்களுக்கும் அத்தை குடுத்தாங்களா?

— குடுக்காமயா? விடியறப்ப கறந்து, சூடு ஆறாம, தன் முந்தானை நுனியில வடிகட்டி, டம்ளர் விளிம்பைக் கட்டை விரலால துடைச்சு, ‘குடி ஹொன்னி, கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சிடு’ம்பாங்க. எங்க அம்மாகூட எனக்கு அப்படிக் குடுத்ததில்ல. அந்த வீட்ல எனக்குக் கிடைச்ச பிரியம் அது ஒண்ணுதான் மாளி. அதுல இருந்துச்சு.

— எது இருந்துச்சு?

— ஆட்டுக்குக் குட்டி வீச வைக்கற கிருமி. அதே கிருமிதான். ஆட்டுல பிள்ளைப் பையத் தேடிப் போகும், நம்மளுக்கும் சில பேருக்கு அங்கதான் போகும். வீசின ஆட்டுப் பால்ல ரொம்ப நாளைக்கு வந்துக்கிட்டே இருக்கும். அந்த நஞ்சுக்கொடியில கொழுத்துக் கிடக்கும். இந்தக் கோப்பைங்கள்ல நாங்க அந்தக் கிருமிய விடறதே இல்ல. எங்களையே புடிச்சுக்கும், அவ்வளவு பொல்லாதது.

— சிவனே... சிவனே... நான் ஒரு டம்ளர் பத்தாம இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிச்சிருக்கேன் யக்கா. இனிப்பா இருக்கும்.

— கடைசியா எப்ப குடிச்ச?

— நேத்து. இன்னைக்குப் பஸ்ஸுல வாந்தி வரும்னு வச்சுட்டு வந்தேன்.

— காய்ச்சல்?

— ஒரு மாசமா. சாயங்காலமானா. வேர்த்துக் கொட்டும். வெளிய சொல்லல, சொன்னா ‘ஆரம்பிச்சுட்டா’ம்பாங்க.

— பிள்ளை அசையுதா?

— அசையுது. பஸ்ஸு வேகத்தடையில ஏறி இறங்கினப்ப நல்லா ஒரு உதை விட்டுச்சு.

— அப்ப கேளு. இப்ப உன்னைக் கீழ கூட்டிட்டுப் போய் ரத்தம் எடுக்க வைப்பேன். மேடத்துகிட்ட நானே பேசறேன். இருக்குன்னு வந்தா மாத்திரை குடுப்பாங்க, வாரக்கணக்குல தின்னணும், ஒண்ணு விடக்கூடாது. எனக்கும் அப்படித்தான் காய்ச்சல் போச்சு. நான் இங்க கூட்டிப் பெருக்கத்தான் வந்தேன். காய்ச்சலோட சுருண்டு கிடந்தவள மேடம்தான் ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. பீரப்பனுக்கு இன்னும் முதுகு வலி இருக்கா?

— இருக்கே. சாயங்காலம் காய்ச்சலும் வரும் அவருக்கு. மலைக்காத்து ஒத்துக்கலம்பாரு.

— மலைக்காத்து! நல்லா ஒத்துக்கல. அவனையும் வரச் சொல்லு. குட்டி இழுத்து எடுக்கறது அவன் கைதான?

— யக்கா, என் பிள்ளை பொழைச்சுக்குமா?

— தெரியாது. பொய் சொல்ல மாட்டேன். உன் வயித்துல அது எவ்வளவு தூரம் போயிருக்குன்னு எனக்குத் தெரியாது. ஆனா அசையுற பிள்ளையோட வந்திருக்க. என்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனப்ப என் பிள்ளை அசையல.

— ம்.

— அழாத. மூக்கைத் துடைச்சுக்கோ, கையை அங்க தேய்க்காத. நான் ஒண்ணு சொல்றேன், நீ திருப்பிச் சொல்லு. ‘என் தப்பு இல்ல.’

— எதுக்கு யக்கா?

— சொல்லுடி.

— என் தப்பு இல்ல.

— சத்தமா. என்னை மட்டும் சத்தமா சொல்லச் சொன்னேல்ல?

— என் தப்பு இல்ல.

— இன்னொரு தடவ.

— என் தப்பு இல்ல யக்கா. என் தப்பு இல்ல.

— இந்த ஒரு வார்த்தைய எனக்கு யாரும் சொல்லல. எங்க அம்மா சொல்லல. புருஷன் தலையக் குனிஞ்சுக்கிட்டான். ஒன்பது வருஷமா ஒத்தை ரொட்டி தட்டித் தின்னுட்டு, விளக்கை அணைச்சுட்டு, நானே எனக்குச் சொல்லிக்கறேன். நாமே சொல்லிக்கிட்டா அது ஒட்ட மாட்டேங்குது புள்ள. வேற ஒருத்தர் வாயில இருந்து வரணும்.

— நான் சொல்றேன் யக்கா. உங்க தப்பு இல்ல.

— சொல்லிட்டியா. சக்களத்தி வாயால கேக்கணும்னு எழுதியிருக்கு எனக்கு... இரு, மாஸ்க் மறுபடி நனைஞ்சுடுச்சு.

— அத்தைகிட்ட எப்படிச் சொல்றது யக்கா? அவங்க பிரியமாத்தான குடுக்கறாங்க. தான் ஒரு வாய் குடிக்காம எனக்குக் குடுக்கறாங்க. நீங்க குடுத்த பால்தான் கொன்னுச்சுன்னு நான் எப்படிச் சொல்வேன்? செத்துடுவாங்க.

— சாகட்டும்.

— யக்கா!

— சாகட்டும்னுதான் சொன்னேன். எனக்கு மாத்திரை குடுத்து முடிச்சதும், ரிப்போர்ட்டைக் கையில புடிச்சுக்கிட்டு ஊருக்கு வந்தேன், தெரியுமா உனக்கு? ஏழு வருஷம் ஆச்சு. நீ அப்ப வரல அந்த வீட்டுக்கு. திரும்ப வந்து வாழணும்னு போகல. பீரப்பனுக்கு அடுத்ததா ஒருத்தி வருவா, அவளுக்கும் ஊத்தக்கூடாதேன்னு போனேன். வாசல்ல நின்னு கத்தினேன். ‘அத்தை, பால்ல இருக்கு, ஆட்டுலதான் இருக்கு, என்கிட்ட இல்ல’ன்னு கத்தினேன். கதவு திறக்கல. தெருவே வேடிக்கை பாத்துச்சு. கடைசி பஸ் வரைக்கும் நின்னேன். திறந்திருந்தா உன் மொதப் பிள்ளை இன்னைக்கு நடக்கும். அந்தக் கிழவிகிட்ட இத முகத்துக்கு நேரா சொல்லணும்னு ஏழு வருஷமா வச்சிருக்கேன்.

— சொல்லிட்டீங்க யக்கா.

— என்ன சொல்லிட்டேன்?

— கோவிச்சுக்காதீங்க. அத்தை கதவுக்கு வெளியதான் நின்னு கேட்டுக்கிட்டிருக்காங்க, இப்ப காது மந்தம். அதான் சத்தமா பேசச் சொன்னேன். கதவையும் அதான் சாத்தல. தனியா அனுப்ப மாட்டேன்னுட்டாங்க யக்கா, பஸ்ஸுல என் கையைப் புடிச்சுக்கிட்டே வந்தாங்க. ரொட்டி தட்டினதும் நான் இல்ல.

— ஹொன்னி.

— ... அத்தை?

— நீ வான்னாத்தான் புள்ள நான் உள்ள வருவேன்.

— இங்க யாரையும் வாசல்ல நிறுத்தற வழக்கம் இல்ல. வாங்க. கையை மட்டும் எங்கயும் வைக்காதீங்க.

— அன்னைக்கும் கதவுக்குப் பின்னாடி இப்படித்தான் நின்னுக்கிட்டிருந்தேன். நீ கத்தினது பூரா விழுந்துச்சு. அப்ப காது நல்லாத்தான் இருந்துச்சு.

— கேட்டுக்கிட்டா திறக்கல?

— திறந்தா உன்னை நம்பணும். நம்பினா, என் கையால நான் ஊத்தினது நெஜமாயிடும். தாழ்ப்பாள்ல கையை வச்சேன், எடுத்தேன். வச்சேன், எடுத்தேன். அப்புறம் நீ போயிட்ட.

— அத்தை, இந்த ஸ்டூல்ல உட்காருங்க.

— சும்மா இரு மாளி. ஹொன்னி, பீரப்பன் எனக்கு அஞ்சாவது. உங்க ரெண்டு பேருக்கும் சொன்னதில்ல, அவனுக்கே தெரியாது. அவனுக்கு முன்னாடி நாலு. கருவேல மரத்தடியில குட்டிங்களோட சேத்துத்தான் வச்சேன். எங்க அத்தை ஊத்துவாங்க, கண்ணை மூடிக்கிட்டுக் குடிப்பேன். நாலு தடவையும் எனக்கு அந்தப் பேருதான் வச்சாங்க, ‘ஊர் மேஞ்சவ’ன்னு. உனக்கு நான் வச்சது என் பேருதான் புள்ள.

— நாலா அத்தை?

— இப்ப இவள மூணு தடவ சொல்ல வச்சியே ஹொன்னி, ஒரு வார்த்தை. அத எனக்கும் ஒருக்கா சொல்லேன். கொஞ்சம் சத்தமா சொல்லு.